டாம் ரோல்ட்: படகையே வீடாக்கிய இன்ஜினியர்... கால்வாய்களைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை என்ன?

வீட்டு வாடகை ஏறிக்கிட்டே போகுது, சொந்த வீடு வாங்குற விலையிலும் இல்லை. பேசாம ஒரு படகை வாங்கி அதிலேயே குடியேறிட்டா என்ன?

இங்கிலாந்தில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள். வாசலில் வாத்து, ஜன்னலில் பூச்செடி, புகைபோக்கியில் மெல்லிய புகை என்று அவர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்தால் நமக்கே ஆசை வரும். இந்த ஆசையை ஒரு நாட்டுக்கே தொற்ற வைத்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், எல்லோரும் காட்டுவது டாம் ரோல்ட்டைத்தான். எல்.டி.சி. ரோல்ட் என்பது அவர் புத்தகங்களில் இருக்கும் பெயர்.

சுமார் 12 வருடம் அவர் படகில் வாழ்ந்தார். அந்தப் படகு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனா சும்மா கொடுக்கலை. அது என்ன கதை? படகு வாங்க நினைப்பவர்களுக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது? பார்க்கலாம்.

முதலில், நேரோபோட்னா என்ன?

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரி, மண்பாண்டம், இரும்பு எல்லாவற்றையும் கொண்டுபோக இங்கிலாந்து முழுக்கக் கால்வாய் வெட்டினார்கள். தரை எல்லா இடத்திலும் சமமாக இருக்காதே! மேடு வரும் இடங்களில் லாக் எனப்படும் கதவு வைத்த தொட்டிகளைக் கட்டினார்கள். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும். தண்ணீரை வடித்தால் கீழே இறங்கும். தண்ணீரில் படிக்கட்டு கட்டின மாதிரி.

செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இந்தத் தொட்டிகளைச் சுமார் 7 அடி அகலத்தில்தான் கட்டினார்கள். அதனால் அதில் போகும் படகும் 7 அடிக்குள் அடங்க வேண்டும். நீளம் மட்டும் 70 அடி வரைக்கும் போகலாம். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை விட அகலம் கம்மி, நீளமோ கிட்டத்தட்ட இரண்டு பஸ். அதுதான் நேரோபோட்.

சரக்குக்குத்தான் அதில் முக்கால்வாசி இடம். ஓட்டுபவரின் குடும்பம் பின்பக்கம் சுமார் 10 அடி நீள அறை ஒன்றில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. ரயிலும் லாரியும் வந்த பிறகு இந்தத் தொழில் தேய்ந்துபோனது. ரோல்ட் கால்வாய்க்கு வந்தபோது அது கடைசி மூச்சில் இருந்தது.

இன்ஜின் மேல் வந்த காதல்

1910 பிப்ரவரி 11-ம் தேதி செஸ்டர் நகரில் பிறந்தவர் ரோல்ட். 16 வயதில் பள்ளிக்கூடத்துக்கு கும்பிடு போட்டுவிட்டு, நீராவி இன்ஜின்களோடு வேலை பார்க்கப் போய்விட்டார். அடுத்து ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரில் ரயில் இன்ஜின் தயாரிக்கும் கெர் ஸ்டூவர்ட் கம்பெனியில் தொழில் பழகினார். அவருடைய உறவினரான கைர்ல் வில்லன்ஸ் அங்கே பெரிய இன்ஜினியர்.

1930-ல் அந்தக் கம்பெனி திவாலானது. வேலை போச்சு. ஆனால் அதற்குள் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. வில்லன்ஸ் ஒரு பழைய மரப்படகை வாங்கியிருந்தார். குதிரை இழுத்துப்போன அந்தச் சரக்குப் படகின் பெயர் கிரெஸ்ஸி. அதில் முதலில் நீராவி இன்ஜினையும் பிறகு ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜினையும் பொருத்தினார்கள். அந்தப் படகில் போன பயணங்கள்தான் ரோல்ட் மனசில் கால்வாயை உட்கார வைத்தன.

இடையில் சில வருடம் ஹாம்ப்ஷையரில் நண்பர்களோடு கார் மெக்கானிக் ஷெட் நடத்தினார். 1937-ல் அங்கே ஏஞ்சலா ஓரெட் என்ற இளம்பெண் வந்தார். இருவரும் காதலித்தார்கள். ஏஞ்சலாவின் அப்பாவுக்குச் சம்மதமில்லை. 1939 ஜூலையில் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். வீடு? கிரெஸ்ஸிதான் வீடு. படகு அதற்குள் ரோல்ட் கைக்கு வந்திருந்தது.

படகு எப்படி வீடாச்சு?

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க் கரையில் பான்பரி என்ற ஊர். அங்கே 1790-லிருந்து இயங்கும் படகுப் பட்டறையை அப்போது டூலி குடும்பம் நடத்தி வந்தது. கிரெஸ்ஸி அங்கேதான் வீடாக மாறியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரோல்ட் கனவு காண்பவர்தான், ஆனால் கையில் ஸ்பேனர் பிடித்தவர். 7 அடி அகலத்தில் சுவர்களின் கனம் போக மிஞ்சுவது 6 அடி சொச்சம். ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் தாண்டிப் போகணும்னா உடம்பை ஒட்டித்தான் போகணும். அந்த இடத்துக்குள் சமையலறை, படுக்கை, புத்தக அலமாரி, எழுத மேஜை எல்லாவற்றையும் அளவெடுத்து வைத்தார். குளிக்கத் தொட்டிகூட வைத்தார். படகில் குளியல் தொட்டி என்பது அந்தக் காலத்தில் ஊரே திரும்பிப் பார்த்த ஆடம்பரம்.

இன்றைக்கும் படகு வாங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு, உள் அலங்காரத்தைப் பார்த்து மயங்குவதுதான். படகின் ஆயுள் தண்ணீருக்குக் கீழே இருக்கும் அடிப்பாகத்தில் இருக்கிறது. ரோல்ட் காலத்தில் அது மரம். பலகை இடுக்குகளை நாரும் தாரும் வைத்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் இரும்புத் தகடு. அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6 மில்லிமீட்டர் என்பது இன்று வழக்கமான கனம். பழைய படகு என்றால், அதைத் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றி, துருப்பிடித்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சர்வேயரை வைத்துக் கருவியால் அளந்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். இந்த அடிப்பாகம்தான் பின்னாளில் ரோல்ட்டையும் கவிழ்த்தது. அதற்குப் பிறகு வருவோம்.

கிளம்பிய ஒரு மாசத்தில் உலகப் போர்

1939 ஜூலை 27-ம் தேதி கிரெஸ்ஸி பான்பரியிலிருந்து கிளம்பியது. வேகம்? மனுஷன் நடக்கும் வேகம்தான். அதற்கு மேல் ஓட்டினால் அலை எழும்பிக் கரையை அரித்துவிடும். இன்றும் கால்வாய்களில் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களை ரோல்ட்டும் ஏஞ்சலாவும் சுற்றினார்கள். சரக்குப் படகுக் குடும்பங்களோடு பழகினார்கள். ரோல்ட் குறிப்பு எழுதினார், ஏஞ்சலா போட்டோ எடுத்தார். ஒவ்வொரு லாக்கிலும் ஒருவர் இறங்கி, இரும்புக் கைப்பிடியால் சுழற்றி மதகைத் திறக்க வேண்டும். இன்னொருவர் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும். கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் தொட்டியின் கல்மேடையில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடியப் படகு சாய்ந்து மூழ்கிவிடும். இன்றைக்கும் நேரோபோட்கள் மூழ்க இது ஒரு முக்கியக் காரணம். அதனால் தனியாள் ஓட்ட முடியாதது இல்லை, ஆனால் இருவர் வேலையை ஒருவர் பார்க்க வேண்டும்.

பயணம் தொடங்கிய ஐந்தாறு வாரத்தில், செப்டம்பர் 3-ம் தேதி, போர் அறிவிப்பு வந்தது. ரோல்ட் போருக்கு எதிரானவர். ஆனாலும் வேலை பார்த்தாகணும். க்ரூ ஊரில் ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் விமான இன்ஜின் வேலைக்குப் போனார். பெரிய தொழிற்சாலையின் வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. வில்ட்ஷையரில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு மாறினார். 1941-ல் அரசாங்க வேலை கிடைத்து டார்டிபிக் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கே வேலையோ அங்கே வீட்டையும் ஓட்டிக்கிட்டுப் போனார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

டார்டிபிக்கில் அடுத்தடுத்து 30 லாக் இருக்கின்றன. பிரிட்டனிலேயே மிக நீளமான லாக் வரிசை அது. அதன் உச்சியில் கிரெஸ்ஸி சுமார் ஐந்து வருடம் நின்றது. படகில் வாழ்பவருக்கு இது பெரிய கேள்வி: படகை எங்கே கட்டுவது? வேலைக்குப் போக வேண்டும், தபால் வர வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், நிலக்கரி வாங்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருப்பதும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதும் ஒன்றாக நடக்காது. ரோல்ட்டுக்கும் நடக்கவில்லை.

ஒரு புத்தகம், ஒரு சங்கம்

1939 பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய கையெழுத்துப் பிரதி பல பதிப்பகங்களின் வாசலைத் தட்டித் திரும்பியது. கடைசியில் எழுத்தாளர் எச்.ஜே. மாசிங்ஹாம் உதவியால் 1944 டிசம்பரில் வெளிவந்தது. புத்தகத்தின் பெயரே 'நேரோ போட்'. உள்ளே ஏஞ்சலா எடுத்த போட்டோக்கள். குண்டுவீச்சும் ரேஷனும் பார்த்துச் சலித்த மக்களுக்கு, தங்கள் ஊர்ப் பின்பக்கமே இப்படி ஓர் அமைதியான உலகம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது.

படித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஏக்மன். லண்டன்காரர், பேச்சுத் திறமை உள்ளவர். 1945-ல் டார்டிபிக்குக்கே வந்து கிரெஸ்ஸியில் ரோல்ட்டைச் சந்தித்தார். அடுத்த வருடமே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கப்பட்டது. ஏக்மன் தலைவர், ரோல்ட் கௌரவச் செயலாளர். கால்வாய் வரலாற்றாசிரியர் சார்லஸ் ஹாட்ஃபீல்டு துணைத் தலைவர்.

பாலத்தைத் தூக்க வைத்த படகு

கால்வாய் சாவதற்கு யாரும் குழி தோண்ட வேண்டியதில்லை. படகு போகாமல் இருந்தாலே போதும். சேறு சேரும், பாசி மூடும், கதவு உளுத்துப்போகும். பிறகு யாரும் பயன்படுத்துவதில்லை என்று காரணம் சொல்லி மூடிவிடலாம். இதை உடைக்க ரோல்ட் எடுத்த ஆயுதம், படகை ஓட்டிக்கொண்டே போய் நிற்பது.

ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில் தூக்குப் பாலம் ஒன்று சேதமாகி, அந்த இடத்தில் தாழ்வான நிலையான பாலம் போட்டிருந்தார்கள். அடியில் படகு போக வழியில்லை. விஷயம் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. முன்கூட்டியே சொன்னால் பாலத்தைத் தூக்கித் தருகிறோம் என்று பதில் வந்தது. யார் வரப்போறாங்க என்று நினைத்திருக்கலாம். ரோல்ட் வருகிறேன் என்று எழுதிவிட்டார். 1947 மே மாதம் ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க, பாசியும் குப்பையும் நிறைந்த தண்ணீரில் கிரெஸ்ஸி தட்டுத்தடுமாறிக் கடந்தது. சட்டப்படி அந்த வழி உயிரோடு இருக்கிறது என்று நிரூபணமாச்சு.

அந்தக் கால்வாயின் கைவிடப்பட்ட தென்பகுதி, பின்னர் தொண்டர்கள் உழைப்பில் சீரமைக்கப்பட்டு 1964-ல் திறக்கப்பட்டது.

நண்பர்கள் பிரிந்தது ஏன்?

இருவருக்கும் கால்வாய் மேல் ஆசை ஒன்றுதான். ஆனால் எதைக் காப்பாற்றுவது என்பதில் பார்வை வேறு. ஒரு மைல்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஏக்மன் கட்சி. முடிந்ததைத் தேர்ந்தெடுத்துக் காப்போம், முக்கியமாகச் சரக்குப் படகில் பிழைக்கும் குடும்பங்களைப் பார்ப்போம் என்பது ரோல்ட் கட்சி. அவருக்குக் கால்வாய் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை, அதில் வாழும் மனிதர்களும் சேர்ந்ததுதான்.

1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோவில் சங்கம் நடத்திய படகுத் திருவிழாவில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கூடின. வெளியே கொண்டாட்டம், உள்ளே பிளவு. 1951 தொடக்கத்தில், தான் சேர்ந்து உருவாக்கிய சங்கத்திலிருந்தே ரோல்ட் நீக்கப்பட்டார். ஹாட்ஃபீல்டுக்கும் அதே கதிதான்.

உளுத்த படகு, பிரிந்த மனைவி

அதே நேரத்தில் வீட்டிலும் இரண்டு இடி. பன்னிரண்டு வருடப் படகு வாழ்க்கைக்குப் பிறகு ஏஞ்சலா விலகிப் போனார். பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். ஓடிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. ரோல்ட்டோ ஒரு இடத்தில் நிற்க வேண்டிய வயதுக்கு வந்திருந்தார்.

இன்னொரு இடி, கிரெஸ்ஸி. அடிமரம் உளுத்துப்போனது. இனி சரிசெய்து பிரயோஜனமில்லை என்று சோதனையில் தெரிந்தது. வீடு, மனைவி, சங்கம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கையை விட்டுப் போயின. அப்போது ரோல்ட்டுக்கு வயது 41.

அதோடு முடிஞ்சுதா?

இல்லை. வேல்ஸில் டாலிலின் என்ற குட்டி ரயில் பாதை மூடும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற 1950-ல் சங்கம் தொடங்கியவர்களில் ரோல்ட் முக்கியமானவர். 1951 மே மாதம் தொண்டர்களே அந்த ரயிலை ஓட்டினார்கள். தொண்டர்கள் ஏற்று நடத்திய ரயில்பாதைகளில் உலகிலேயே முதலாவது என்று இதைச் சொல்வார்கள். ஆரம்ப வருடங்களில் ரோல்ட்தான் மேனேஜர்.

பிறகு சோனியாவைக் கல்யாணம் செய்தார். நாடக நடிகையாக இருந்து, போர்க்காலத்தில் சரக்குப் படகு ஓட்டப் பழகி, கால்வாயிலேயே தங்கிவிட்டவர் சோனியா. இருவரும் கிளாஸ்டர்ஷையரில் தரையில் நிற்கும் பழைய கல் வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். 1957-ல் வந்த புரூனெல் வாழ்க்கை வரலாறு, டெல்ஃபோர்டு, ஸ்டீவன்சன் பற்றிய புத்தகங்கள் என ரோல்ட் எழுதிக்கொண்டே இருந்தார். 1974 மே 9-ம் தேதி காலமானார்.

அவர் நேசித்த சரக்குப் படகுகளோ அவர் கண்முன்னேயே போய்விட்டன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறினார்கள். லண்டன் பக்கம் ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன ஓட்டம் 1970-ல் நின்றதோடு, நெடுந்தூர நேரோபோட் சரக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்தது. தண்ணீர் பிழைத்தது, அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கரையேறிவிட்டன. காலியான இடத்துக்கு வந்தவர்கள், ரோல்ட் மாதிரியே ஆசைப்பட்டுப் படகு வாங்கியவர்கள்.

இன்னைக்குப் படகு வாங்கினா என்னென்ன பார்க்கணும்?

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அங்கே படகு வைத்திருக்க மூன்று காகிதம் கட்டாயம்: லைசென்ஸ், இன்சூரன்ஸ், நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ். அறைக்குள் நிலக்கரி அடுப்பும் கேஸும் இருப்பதால், கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

அடுத்தது கட்டும் இடம். வாடகை கொடுத்து நிரந்தர இடம் எடுக்கலாம். இல்லைன்னா நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995 சட்டம். இப்படி நகர்பவர்களுக்கு 2024 முதல் லைசென்ஸில் கூடுதல் கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆபீஸ் என்றால் இந்த விதி ரொம்பவே கஷ்டம்.

நீளமும் முக்கியம். வட இங்கிலாந்தில் சில கால்வாய்களின் லாக் குட்டையானது. எல்லா இடத்துக்கும் போகணும்னு நினைப்பவர்கள் 57 அடிப் படகைத் தேடுவது அதனால்தான்.

தினப்படி வேலையும் இருக்கு. தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும். கழிவறைக் கேசட்டைத் தூக்கிப்போய் அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும். பேட்டரியை சார்ஜ் செய்ய வேண்டும். புரொபெல்லரில் பிளாஸ்டிக் பையோ கம்பியோ சுற்றினால், இன்ஜினை நிறுத்திவிட்டு, குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு அறுத்து எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகை வெளியே ஏற்றி அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். குளிர்காலத்தில் லாக்குகளை ரிப்பேருக்காக மூடுவார்கள், அப்போது போகும் வழியும் அடைபடலாம்.

ஆக, படகு என்பது மலிவான வீடு இல்லை. வாடகையின் ஒரு பகுதியைப் பணமாகவும், மீதியை உடல் உழைப்பாகவும் கேட்கும் வீடு. கூட வாழ்பவருக்கும் அந்த உழைப்பில் மனசு இருக்கணும்.

டார்டிபிக்கின் உச்சி லாக் அருகே ரோல்ட்டும் ஏக்மனும் சந்தித்ததை நினைவுகூரும் பலகை இருக்கிறது. பான்பரியில் டூலி பட்டறை இன்றும் இருக்கிறது, அங்கே கால்வாயின் மேல் போகும் பாலம் ஒன்றுக்கு டாம் ரோல்ட் பெயர். அவரோடு சண்டை போட்டுப் பிரிந்த சங்கமும் இன்றுவரை கால்வாய்களுக்காகப் பேசுகிறது. கிரெஸ்ஸி மட்டும் இல்லை. ஆனால் அதைப் போலவே 7 அடிக்குள் அடங்கிய ஆயிரக்கணக்கான படகுகள் அந்தத் தண்ணீரில் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.